பால் வடிப்பவன் வீட்டில் பால் இல்லை!

"பாலோடதான் தம்பி கிடக்கேன், விடியதுக்கு முன்னாலே இருந்து! ஆனா சாயாவுக்கு ஒரு சொட்டுப் பாலு கிடையாது. கட்டன்தான், குடிங்க!"

குலசேகரத்துக்கு அப்பால், மேட்டு விளை ஒன்றில், சிரித்துக்கொண்டே சொன்னார் அந்த அண்ணாச்சி. சிரித்தது அவர், சுட்டது எனக்கு! குமரி மாவட்டத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற மாவட்டத் தோழர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் மரத்திலிருந்து வடிவதையும் அங்கே பால் என்றுதான் சொல்வார்கள். அதை வெட்டி எடுப்பவர் பால்வெட்டுத் தொழிலாளி. நெற்றியிலே விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டோடு இருட்டாகப் புறப்பட்டு, முந்நூறு மரம்போலப் பட்டை சீவி, சிரட்டை சிரட்டையாக வடிந்ததை வாளியிலே சேர்த்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட் அடித்துத் தொங்கவிட்டு அவர் வீடு திரும்பும்போது உச்சிவேளை. அவர் வடித்த பால் காருக்குச் சக்கரமாகிறது, விமானத்துக்குச் சக்கரமாகிறது, மருத்துவருக்குக் கையுறையாகிறது. அவருடைய பேரக்குழந்தையின் தம்ளரில் மட்டும் கறுப்புத் தண்ணீர்!

மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பாலும் நின்றுபோகிறது. தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாவட்டம் அது. நனைந்த பட்டையிலே கத்தி வைக்க முடியாது. தை, மாசியில் ரப்பர் இலை உதிர்த்தால் மறுபடியும் வெட்டு இல்லை. ஓய்வு மரத்துக்கு, பட்டினி மனிதனுக்கு!

இத்தனையும் கேட்டுக்கொண்டு எழுந்தபோதுதான் வீட்டின் பின்புறம் பார்த்தேன். பன்னிரண்டு சென்ட் புரையிடம். நாலு பிலாமரம், ஆறு தென்னை, வேலியோரம் பூவரசு, மூலையில் கொஞ்சம் மரச்சீனி. பிலாமரத்தடியில் மூன்று வெள்ளாடுகள்!

"ஆடு இருக்கிறதே அண்ணாச்சி! பால் கறப்பதில்லையா?"

"குட்டிக்கே காணாது தம்பி. இது கறி ஆடுல்லா!"

கறி ஆடு! இந்த இரண்டு சொல்லைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன். அரசியல் பத்திரிகையிலே ஆட்டைப் பற்றி என்ன பேச்சு என்று முகம் சுளிக்கும் தோழர் யாரேனும் இருந்தால், தயவுசெய்து உங்கள் கிளையிலே எத்தனை வீட்டில் ஆடு இருக்கிறது, எத்தனை வீட்டில் குழந்தைக்குப் பால் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன்பிறகு பேசுவோம்.

இந்தியாவிலே 2019-ஆம் ஆண்டு எடுத்த கால்நடைக் கணக்கின்படி வெள்ளாடுகள் 14 கோடியே 88 இலட்சம். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 99 இலட்சம். உலகத்திலேயே அதிகமாக ஆட்டுப்பால் கறக்கும் நாடு எது என்று கேட்டால், பாலாடைக்கட்டிக்குப் பெயர்போன பிரான்சு அல்ல, கிரேக்கம் அல்ல, இந்தியாதான்! ஆனாலும் இந்த நாட்டின் மொத்தப் பாலில் ஆட்டுப்பாலின் பங்கு நூற்றுக்கு மூன்று. அந்த மூன்றும் பெரும்பாலும் இராசஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் கறக்கிற மூன்று. நம் ஊரில் ஆடு என்றால் சந்தை, தராசு, கத்தி!

பசுவுக்கு இந்த நாட்டிலே உள்ள மரியாதை என்ன! கொம்புக்கு வண்ணம் உண்டு, நெற்றிக்குப் பொட்டு உண்டு, மாட்டுப் பொங்கல் உண்டு. அரசியல் சட்டத்திலேயே 48-ஆவது பிரிவு உண்டு! பசுவின்மீது எனக்குப் பகையில்லை. பால் தரும் பிராணி எதுவாயினும் பாட்டாளிக்கு உறவுதான். ஆனால், அந்தப் பசுவைப் பன்னிரண்டு சென்ட் புரையிடத்தில் எங்கே கட்டுவது? கலப்பினப் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு இருபத்தைந்து, முப்பது கிலோ பசுந்தீவனம் வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தமிழ்நாட்டிலே சதுர கிலோமீட்டருக்குச் சராசரி 555 பேர் வாழ்கையில், குமரி மாவட்டத்தில் 1,111 பேர் வாழ்ந்தார்கள்! மனிதனுக்கு மனிதன் முழங்கை இடிக்கும் இடத்தில் மேய்ச்சல் நிலம் எங்கிருந்து வரும்? பசு ஒன்று செத்தால் ஒரு குடும்பத்தின் கடன் மூன்று ஆண்டுக்குத் தீராது. ஆட்டுக்கு நாலு கிலோ தழை போதும். அதையும் வேலியே தரும்.

காந்தியார் ஆட்டுப்பால் குடித்த கதை எல்லோருக்கும் தெரியும். எப்படிக் குடிக்கத் தொடங்கினார் என்பது பலருக்குத் தெரியாது. 1918-ஆம் ஆண்டு கேடா மாவட்டத்திலே பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க அலைந்து, வயிற்றுக்கடுப்பு கண்டு, சாவின் விளிம்புக்கே போய்விட்டார். பால் குடிப்பதில்லை என்று நோன்பு எடுத்திருந்தவர். மருத்துவர் வற்புறுத்துகிறார், இவர் மறுக்கிறார். பக்கத்தில் நின்ற கஸ்தூரிபா அம்மையார் கேட்டார்: நோன்பு எடுத்தபோது பசுவையும் எருமையையும்தானே மனதில் வைத்திருந்தீர், ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று! பாரிஸ்டர் படித்தவர் கண்டுபிடிக்காத சட்டநுணுக்கத்தை அம்மையார் கண்டுபிடித்தார். அவர் உயிர் பிழைத்தார். நோன்பின் சொல்லைக் காத்தேன், பொருளைக் காக்கவில்லை என்று பின்னாளில் தம் வரலாற்றிலே அவரே நொந்துகொண்டார் என்பது வேறு. 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் போனபோது அவருடைய ஆட்டுப்பாலைப் பற்றி ஐரோப்பாவே பேசியது. அவ்வளவு பேசப்பட்ட பால், ஆட்டை வைத்திருக்கும் ஏழையின் அடுப்புக்கு வரவில்லையே, அதுதான் என் கேள்வி!

வராததற்குக் காரணம் ஏழையின் சோம்பல் அல்ல. ஆட்டின் இனம்.

நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கன்னி ஆடு, கொடி ஆடு, மேற்கே சேலம் கறுப்பு, எல்லாம் நல்ல ஆடுகள்தாம். வெயிலுக்கு அஞ்சாதவை, முள்ளைத் தின்று கறியாக்குபவை. ஆனால் மடி சிறிது. குட்டி குடித்தால் தீர்ந்தது. பாலுக்கு வேறு இனம் வேண்டும். அந்த இனம் நமக்கு அடுத்த வீட்டிலேயே இருக்கிறது, மலபாரி! தலைச்சேரி ஆடு என்று நம்மவர் சொல்வது இதைத்தான். பழங்காலத்தில் அரபு வணிகரோடு கப்பலேறி வந்த ஆடுகளும் மலையாளக் கரையின் நாட்டாடுகளும் கலந்து பிறந்த இனம் என்பார்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. எல்லைக் கல் நட்டது மனிதனுக்கு. மழைக்கும் மரத்துக்கும் எல்லையில்லை. கேரளத்து மழையிலும் ஈரத்திலும் பழகிய ஆடு குமரியின் மழையிலும் நிற்கும். இரட்டைக் குட்டி அதற்கு வழக்கம், மூன்றும் போடும். நாளுக்கு முக்கால் லிட்டர், நல்லதாக வாய்த்து நன்றாகப் பார்த்தால் ஒரு லிட்டர், ஐந்தாறு மாதம் கறக்கும்.

"ஒரு லிட்டர்தானா?" என்று உதட்டைப் பிதுக்குபவருக்கு வடநாட்டு ஜமுனாபாரியைக் காட்டி ஆசை மூட்ட ஆள் இருக்கிறது. நீண்டு தொங்கும் காது, வளைந்த மூக்கு, கன்றுக்குட்டி உயரம்; இரண்டு லிட்டருக்கு மேலும் கறக்கும் என்பதும் உண்மை. ஆனால் அது உத்தரப் பிரதேசத்து எட்டாவா மாவட்டத்தின் யமுனை, சம்பல் பள்ளத்தாக்குகளில், வறண்ட நிலத்தில், புதர் மேய்ந்து வளர்ந்த ஆடு. குலசேகரத்து மழையில் கொண்டுவந்து கட்டினால் இருமத் தொடங்கும். காதின் நீளத்துக்கு விலை கொடுத்து ஏமாறாதீர்கள். 2012-இல் கொங்கு நாட்டிலே ஈமு கோழியின் கழுத்தைக் காட்டி எத்தனை குடும்பத்தின் கழுத்தை அறுத்தார்கள் என்பதை மறந்துவிடவில்லையே?

ஆட்டைச் சந்தையில் வாங்காதீர்கள், வீட்டில் வாங்குங்கள். சந்தைக்கு வருவதில் பாதி, வைத்திருந்தவனுக்கு வேண்டாமென்று வருவது. இரண்டாம் ஈற்று ஆடாகப் பார்த்து, நம் கண்ணெதிரே ஒரு மாலையும் மறுநாள் காலையும் கறக்கச் சொல்லுங்கள். கறந்தபின் மடி வெறும் பைபோலத் தொளதொளவென்று சுருங்கவேண்டும். கறந்தபின்னும் கல்போல நின்றால் அது பால்மடி அல்ல, சதைமடி. இரண்டு காம்பும் ஒரே அளவா, மடியில் சூடோ கட்டியோ உண்டா என்று தொட்டுப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், விலை கொடுக்கப்போவது நாம்!

அடுத்தது வீடு. ஆட்டுக்கு மழை எதிரி. மழையைவிட ஈரத்தரை பெரிய எதிரி. குளம்பு அழுகும், சளி பிடிக்கும், குட்டி ஒரே இரவில் விறைத்துப்போகும். குமரியில் ஆடு வளர்ப்பதென்றால் பரண் வேண்டும். தரையிலிருந்து மூன்று, நாலு அடி உயரத்தில், விரலளவு இடைவெளி விட்டுப் பலகையோ கமுகுச் சலாகையோ பரப்பி, மேலே ஓலையோ தகரமோ போட்டால் போதும். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழும். ஆடு உலர்ந்து கிடக்கும். ஆடு ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடி கொடுங்கள். கீழே விழுந்ததை வாரித் தென்னைக்கும் வாழைக்கும் போட்டால், ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம் என்று நம் பாட்டன் சொன்னது பொய்யாகாது. கிடா வைத்திருப்பவர் அதைத் தள்ளிக் கட்டவேண்டும். கிடாவின் வாடை பாலில் ஏறும். ஆட்டுப்பால் நாறும் என்று முகம் திருப்புகிறவர்கள் பெரும்பாலும் கிடாவின் பக்கத்தில் நின்று கறந்த பாலைக் குடித்தவர்களே!

தீவனத்துக்குக் கடைக்கு ஓடவேண்டாம். பிலாவிலையை ஆடு தின்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கல்யாண வீட்டுப் பந்தியில் நம் மாவட்டச் செயலாளர் அப்பளம் நொறுக்குவதுபோல! பூவரசு, கல்யாண முருங்கை, அகத்தி, கிளைரிசிடியா என்னும் சீமைக்கொன்றை, இவற்றை வேலியாக நட்டால் வேலியும் ஆயிற்று, தீவனமும் ஆயிற்று. பால் கறக்கும் ஆட்டுக்குத் தழையோடு கால் கிலோ அடர்தீவனமும், கறக்கும் லிட்டருக்குத் தக்க இன்னுமொரு கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலும் வேண்டும். பிண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் சோளம், ஒரு சிட்டிகை தாது உப்பு. சோறு? வேண்டவே வேண்டாம்! கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை இரக்கப்பட்டு வாளிவாளியாக வைப்பார்கள். வயிற்றில் புளித்து, அமிலமேறி, மறுநாள் ஆடு காலை நீட்டிவிடும். இரக்கம் கொன்ற ஆடுகள் ஏராளம்.

அதைவிடக் கொடியது நம் விளையிலேயே நிற்கிறது. மரச்சீனி! திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880-களில் ஊக்கி வளர்த்த கிழங்கு. பஞ்சத்தில் ஏழையைக் காத்தது. ஆனால் அதன் பச்சை இலையிலே சயனைடு நஞ்சு பிறக்கிறது. கயிற்றை அறுத்துக்கொண்டு மரச்சீனிக்குள் புகுந்த ஆடு வயிறு நிறையத் தின்றால், மூச்சு இரைத்து, வாயில் நுரை தள்ளி, சில நிமிடங்களில் விழுந்துவிடும். ரப்பர் இலையிலும் அதே வகை நஞ்சு உண்டு. கண்டவுடன் கால்நடை மருத்துவரிடம் ஓடினால், சோடியம் தயோசல்பேட் ஊசி சிலவேளை காப்பாற்றும். மந்திரித்துக் கயிறு கட்டும் நேரத்தில் ஆடு செத்துவிடும், தோழர்களே! கண்ணேறு என்று சொல்லி எத்தனை ஆட்டைப் புதைத்திருக்கிறோம்! கண் பட்டதல்ல, இலை பட்டது. ஆட்டுக்கொல்லி நோயும் அப்படித்தான். அதற்கு ஊசி உண்டு; ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டு போலக் காக்கும். துள்ளுமாரிக்கு ஆண்டுதோறும் மழைக்கு முன்னே போடவேண்டும். அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஆட்டை நடத்திக் கொண்டுபோகும் நேரந்தான் செலவு.

பாலைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டுப்பாலுக்கு இல்லாத புகழ் பாடுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அதன் கொழுப்புத் துளி சிறியது. அதனால் எளிதில் செரிக்கிறது என்பார்கள். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பசும்பாலுக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் டெங்கு பரவும் காலத்தில் வடநாட்டு நகரங்களிலே ஆட்டுப்பாலுக்குப் பறந்து, விலையை எங்கோ ஏற்றினார்களே, டெங்குவை அது தீர்க்கும் என்பதற்கு மெய்ப்பு இல்லை. பசும்பால் ஒவ்வாத குழந்தைக்கு ஆட்டுப்பாலைக் கொடு என்பதும் தவறு. ஒன்று ஒவ்வாதவருக்குப் பெரும்பாலும் மற்றதும் ஒவ்வாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இது தாய்ப்பாலுக்கு மாற்றே அல்ல. ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு; இதை மட்டுமே கொடுத்து வளர்த்தால் சோகை பிடிக்கும். பச்சையாகக் குடிப்பது மருந்து என்று யாரேனும் சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிட்டுக் காய்ச்சிக் குடியுங்கள். ஆட்டிலிருந்து மனிதனுக்குத் தாவும் காய்ச்சல் ஒன்று பச்சைப்பால் வழியே வரும்.

இனி, மேடையிலே பெண்ணுரிமை பேசும் தோழர்களிடம் ஒரு சொல். ஆட்டுக்குத் தழை ஒடிப்பது யார்? பரணைக் கூட்டுவது யார்? நடுச்சாமத்தில் குட்டி ஈனும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு, குட்டியின் மூக்கைத் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலை ஊட்டுவது யார்? அண்டி ஆபீசிலே நாளெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை கறுத்துத் திரும்பிய அதே பெண்! விற்கும்போது விலை பேசுவது யார்? ரூபாயை மடித்து வேட்டியில் செருகுவது யார்? அந்த ரூபாய் வீட்டுக்கு வரும் வழியில் எந்தக் கடை இருக்கிறது? பதிலை நான் எழுதப் போவதில்லை. பாலாட்டுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு: கிடாவை விற்ற பணம் ஆண் கையில் ஒரே நாளில் வருகிறது, கறந்த பால் நாளும் பெண்ணின் அடுப்புக்கு வருகிறது. அதை வேட்டியில் செருக முடியாது!

அரசு ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்தது. 2011-ஆம் ஆண்டு அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு நாலு ஆடு விலையில்லாமல் கொடுத்தார்கள். 2021-இல் அறிவித்த திட்டத்தில் 388 ஒன்றியங்களில் ஒன்றியத்துக்கு நூறு பேர் என்று, கணவனை இழந்தவர்க்கும் கைவிடப்பட்டவர்க்கும், 38,800 பெண்களுக்கு ஐந்தைந்து ஆடுகள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆட்டுக்கொட்டகையும் கட்டித் தந்தார்கள். யார் ஆட்சியில் வந்தாலும் ஏழையின் முற்றத்துக்கு வந்த ஆட்டை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் திட்டங்களின் நோக்கம் குட்டி, எடை, விற்பனை. மடியைப் பார்த்து ஆடு பொறுக்கச் சொல்லவில்லை. ஆவின் வாங்குவது பசும்பாலும் எருமைப்பாலும்.

ஆட்டுப்பாலுக்குச் சங்கமா, நடக்கிற காரியமா என்று சிரிப்பவர்கள் மார்த்தாண்டத்துக்குப் போய்வாருங்கள். 1920-களிலே அங்கே ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராமப் புனரமைப்பு நிலையம் வைத்தார். பொந்துத் தேனீயைப் பெட்டிக்குள் குடியேற்றி, ஏழை விவசாயிக்குக் கற்றுக்கொடுத்தார். தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்வெட்டு நிற்கும் பருவத்தில் ரப்பர்த் தளிரிலே சுரக்கும் இனிப்பைத் தேனீ எடுத்துவருகிறது. இன்று மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கொட்டுகிற பூச்சிக்குச் சங்கம் வைத்த மாவட்டம், கத்துகிற ஆட்டுக்கு வைக்க முடியாதா? பால் விற்கும் சங்கம்கூட இப்போது வேண்டாம். முதலில் ஊராட்சிக்கு ஒரு பாலினக் கிடா வேண்டும், அவ்வளவுதான்!

ஏன் கிடா என்கிறேன் என்றால், அண்ணாச்சி வீட்டுக் கதை அங்கேதான் வந்து நிற்கிறது. கறி ஆட்டில் இரண்டை விற்று, மலபாரி ஆடு ஒன்று வாங்கினார். இரட்டைக் குட்டி, ஐந்து மாதம் பால். அடுத்தமுறை நான் போனபோது சாயா வெள்ளையாக வந்தது! ஆனால் அக்காவின் முகத்தில் கவலை. ஆடு வற்றிவிட்டது. பருவத்துக்கு வந்து வாலை ஆட்டிக்கொண்டு கத்துகிறது. அந்தப் பருவம் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். பக்கத்தில் இருப்பதெல்லாம் நாட்டுக்கிடா. அதோடு சேர்த்தால் பிறக்கும் பெட்டைக் குட்டிக்கு மடி சுருங்கிவிடும். நல்ல கிடா இருப்பது இரண்டு பஸ் மாறிப் போகும் ஊரில். ஆட்டைப் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள்; ஆட்டோ வைத்தால் இரண்டு நாள் கூலி. ஆட்டோவுக்குப் பணம் புரட்டி முடிப்பதற்குள் பருவம் போயிற்று. தவறினால் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். பிறகு நூற்றைம்பது நாள் சினை. அதன்பிறகுதான் பால்.

பரணின் காலிலே கரிக்கட்டையால் கோடுகள் போட்டிருந்தார் அக்கா. எண்ணிப் பார்த்தேன், பதினேழு.

"இன்னும் நாலு நாள் இருக்கு தம்பி," என்றார். "அண்ணைக்கு இவரு வெட்டுக்குப் போவாண்டாம்னு சொல்லியிருக்கேன்."